மருந்தின் வடிவமும் எண்ணும்

மருந்தின் செயல் அதன் அணுக்கள் வெளியில் அமைந்துள்ள முறையிலும் தங்கியுள்ளது. கல்முனை முதல் கொழும்பு வரை ஆஸ்துமா நோயாளர் பயன்படுத்தும் சல்பியூட்டமோல், ஆடிவிம்பம் போன்ற இரு வடிவங்களின் கலவை. சுவாசக்குழாயை விரிப்பது பெரும்பாலும் அவற்றுள் ஒன்றே.

கணினி வடிவத்தைக் காண்பதில்லை, எண்களையே பெறுகின்றது. எனவே அணுக்களின் முப்பரிமாண ஆள்கூறுகளிலிருந்து அணுவிடைத் தூரம், கனவளவு, மேற்பரப்பு முதலியவற்றை நாம் கணிக்கின்றோம். அறிந்த மருந்துகளின் இவ்வெண்களையும் விளைவுகளையும் ஒப்பிட்டே இயந்திரம் புதிய மூலக்கூறின் விளைவை எதிர்வுகூறுகின்றது. தூரங்களை மட்டும் கணிப்பின் ஆடிவிம்ப வடிவங்கள் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். அன்றியும் பிணைப்புகள் சுழல்வதால் ஒரே மூலக்கூறு பல நிலைகளை எடுக்கும். நிலை மாற எண்ணும் மாறும். புரதச் சங்கிலிக்கு இயலும் சுழற்சிகளை 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன் குழுவினர் கோணங்களால் வரையறுத்தனர். ஆக, எதை அளப்பதென்பது மனிதத் தெரிவேயாகும்.

அத்தெரிவு யாருடையது? சேனக பிபிலேயின் முயற்சியால் இலங்கையில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவான 1971ஆம் ஆண்டிலேயே புரத அமைப்புகளின் சர்வதேசப் பொதுத் தரவகமும் தோன்றியது. கணிக்கும் மென்பொருள்களுட் பல இன்று இலவசம். ஆயின் மருந்துச் சோதனைப் பெறுபேறுகளிற் பெரும்பகுதி கம்பனிகளின் உடைமையாகவே உள்ளது. அவை பொதுவுடைமையாகாதவரை சம்மாந்துறைப் பிரயோக விஞ்ஞான பீடத்து மாணவர் கணிக்கும் முறையைக் கற்கலாம். எந்நோய்க்கு மருந்து தேடுவதென்பதை இலாபமே தீர்மானிக்கும்.