வெள்ளை வால் நோயும் விஷாரத்துப் படிப்பும்

உலக விலங்குகளின் நலத்தைக் கவனிக்க பாரிஸில் ஓர் அமைப்பு இருக்கிறது. 1924இல் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு முக்கியமான விலங்கு நோய்க்கும் 'சந்தேகம் வந்தால் இவர்களைக் கேளுங்கள்' என்று ஆய்வகங்களை அது தேர்ந்தெடுத்து அறிவிக்கும். நன்னீர் இறாலைக் கொல்லும் வெள்ளை வால் நோய்க்கு அது அறிவித்த ஆய்வகத்தின் முகவரி: விலங்கியல் துறை, சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி, மேல்விஷாரம்.

ஊரை அறிந்தவர்களுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆற்காட்டை ஒட்டி இருக்கும் தோல் ஊர் இது. கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால். பக்கத்துப் பாலாற்றில் தண்ணீரைவிட மணலைப் பார்க்கும் நாட்களே அதிகம். கல்லூரிக்குப் பெயர் தந்த நவாப் அப்துல் ஹக்கீமும் தோல் வணிகத்தில் பொருள் சேர்த்து அள்ளிக் கொடுத்தவர். 1965இல் தொடங்கிய அந்தக் கல்லூரியில் பேராசிரியர் சாகுல் ஹமீதும் அவருடைய மாணவர்களும் மீனுக்கும் இறாலுக்கும் வரும் நோய்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்ததன் பலன்தான் அந்த முகவரி. மீன் வளர்ப்பைப் படிக்க நினைப்பவர்கள் ஆந்திரக் கடலோரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் இறால். பண்ணைக்காரர்கள் ஸ்கேம்பி என்று சொல்லும் பெரிய நன்னீர் இறால் இது. ஆணின் நீலக் கிடுக்கிக் கால்கள் சில சமயம் உடம்பைவிட நீளமாக இருக்கும். வாழ்வது ஆற்றிலும் ஏரியிலும். ஆனால் முட்டை சுமக்கும் தாய் முகத்துவாரத்தை நோக்கி இறங்கிவிடும். ஏன் என்று 1960 வரை யாருக்கும் விளங்கவில்லை. 1961இல் மலேசியாவின் பினாங்கில் ஷாவ்-வென் லிங் என்ற ஆய்வாளர், தொட்டியில் பொரிந்த குஞ்சுகள் சில நாளில் செத்துப்போவதைப் பார்த்து அலுத்து, கைக்குக் கிடைத்ததையெல்லாம் தண்ணீரில் கலந்து பார்த்தாராம். சோயா சாஸ் ஊற்றிய தொட்டியில் குஞ்சுகள் பிழைத்தன என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, விடை உப்பு. கடல்நீரின் உப்பில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் குஞ்சு ஏறக்குறைய ஒரு மாதத்தில் பதினொரு பருவங்களைக் கடந்து சின்ன இறாலாகும். அதற்குப் பிறகு நன்னீரே போதும். கடல்நீரை லாரியில் கொண்டுவந்து கலந்துகொண்டால் உள்நாட்டிலும் குஞ்சு பொரிப்பகம் நடத்தலாம் என்ற நிலை இப்படித்தான் வந்தது.

பொரிப்பகங்கள் பெருகியதும் நோய் வந்தது. முதலில் கரீபியக் கடலின் குவாடலூப் தீவில் 1997இல் கண்டார்கள். பின்னர் சீனாவில். இந்தியாவில் இருப்பதை மேல்விஷாரத்து ஆய்வகம் 2004இல் பதிவுசெய்தது. பெரிய இறாலை இந்த நோய் ஒன்றும் செய்வதில்லை. குஞ்சுகளைத்தான் பிடிக்கும். கண்ணாடிபோல் இருக்க வேண்டிய வால் சதை பால் கலந்ததுபோல் வெளுக்கும். வெளுப்பு தெரிந்த சில நாளில் தொட்டியில் உள்ள மொத்தக் குஞ்சும் மடிந்துவிடக்கூடும். மருந்து கிடையாது. இதில் கொடுமை என்னவென்றால், நோய் தெரியாமல் வைரஸைச் சுமக்கும் தாய் இறாலிடமிருந்தே அது குஞ்சுக்கு இறங்குகிறது. தாயைப் பார்த்தால் கொழுகொழுவென்று இருக்கும்.

காரணம் இரண்டு வைரஸ்கள். ஒன்றின் விட்டம் 26, 27 நானோமீட்டர்; அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கி, அதில் 27 கூறு. இன்னொன்று இன்னும் குள்ளம், 15 நானோமீட்டர். தன்னைப் பெருக்கிக்கொள்ளும் கருவி அதனிடம் இல்லை. பெரியதை அண்டித்தான் பிழைக்கிறது.

இங்கேதான் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் வித்தியாசம் வருகிறது. வால் வெளுப்பதெல்லாம் இந்த நோயல்ல. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும், வெப்பம் திடீரென்று மாறினாலும், குஞ்சுகளை நெருக்கி வைத்தாலும் சதை வெளுக்கும். அப்போது காற்றுக்குழாயைக் கவனித்தால் போதும். வைரஸ் என்றால் தொட்டியைக் காலிசெய்து கிருமிநீக்கம் செய்ய வேண்டும். கண்ணால் பிரிக்க முடியாத இந்த இரண்டையும் பிரிப்பது ஆர்டி-பிசிஆர். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு நமக்குச் செய்தார்களே, அதே முறைதான். வைரஸின் ஆர்.என்.ஏ.வை முதலில் டி.என்.ஏ.வாக மாற்றுவார்கள். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அது இரட்டிக்கும். 30 சுற்றில் ஒரு துணுக்கு நூறு கோடிக்கு மேல் பெருகிவிடும். அப்புறம் ஒளிந்துகொள்ள இடமில்லை. தாய் இறாலை வாங்கும்போதே இந்தச் சோதனையைச் செய்துவிட்டால் நோய் பொரிப்பகத்துக்குள் நுழையும் பெரிய வழி அடைபடும்.

நோயைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை. வைரஸ் எப்படிப் பெருகுகிறது, எதற்குச் சாகிறது என்று பார்க்க அதை வளர்க்க வேண்டும். வைரஸ் வளர உயிருள்ள செல் வேண்டும். சிக்கல் என்னவென்றால், மனித செல்லையும் எலியின் செல்லையும் குடுவையில் வருடக்கணக்கில் வளர்க்கத் தெரிந்த விஞ்ஞானத்துக்கு இறாலின் செல்லை அப்படி நீடித்து வளர்க்க வரவில்லை. மேல்விஷாரத்துக்காரர்கள் சுற்றுவழி ஒன்றைப் பிடித்தார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் வகைக் கொசு ஒன்றின் செல்களை எடுத்து அதில் இறால் வைரஸை விட்டுப் பார்த்தார்கள். இரண்டு வைரஸ்களும் அதில் பெருகின. 2007இல் அந்த முடிவு வெளியானது. இறாலும் கொசுவும் கணுக்காலிகள் என்று பள்ளிப் பாடத்தில் மனப்பாடம் செய்தோமே, அந்த உறவு இப்படியெல்லாம் உதவுகிறது.

மீன் செல் இவ்வளவு பிடிவாதமில்லை. சிறுநீரகத்திலோ கண்ணிலோ ஒரு துண்டு எடுத்து, பொடியாக நறுக்கி, ஊட்டத் திரவமும் கன்றுக்குட்டிச் சீரமும் விட்டு, 28 டிகிரியில் வைப்பார்கள். செல்கள் குடுவையின் அடியில் ஒட்டிப் பரவும். அடி நிறைந்ததும் பாதியை வேறு குடுவைக்கு மாற்ற வேண்டும். கிருமி ஒன்று புகுந்தால் மாதக்கணக்கான உழைப்பு வீண். இப்படி மாற்றி மாற்றி நாற்றுப்போல் காப்பாற்றி வரும் செல்களைத்தான் செல் வரிசை என்கிறோம். கொடுவா மீனின் சிறுநீரகத்திலிருந்து 2006இல் இவர்கள் உருவாக்கிய செல் வரிசை, கடல் மீனிலிருந்து இந்தியாவில் உருவான முதல் செல் வரிசை என்று அறிவிக்கப்பட்டது.

அந்த செல்கள் ஊர்த் தொழில் பக்கமும் திரும்பின. தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் மீனை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்க, வழக்கமாக உயிருள்ள மீன்களைக் கழிவுநீரில் விட்டு எத்தனை சாகின்றன என்று எண்ணுவார்கள். கேரளத்தில் கரிமீன் என்று கொண்டாடும் மீனையும் அதன் மூன்று செல் வரிசைகளையும் எடுத்துக்கொண்டு, இரண்டு வழியிலும் கழிவுநீரின் நச்சைச் சோதித்து ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வை இந்த ஆய்வகம் 2012இல் வெளியிட்டது. மீனைக் கொல்லாமலே விஷத்தை அளக்கலாம் என்பது அதன் பயன். பாலாற்றங்கரையில் உட்கார்ந்து செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான ஆராய்ச்சி இருக்குமா என்று தெரியவில்லை.

சரி, படிப்புக்கு வருவோம். நேர்வழி பி.எஃப்.எஸ்சி. என்னும் நான்கு ஆண்டு மீன்வளப் பட்டம். தமிழ்நாட்டில் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977இலேயே தொடங்கியது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம் 2012இல் வந்தது. பொன்னேரியிலும் அதற்குக் கல்லூரி உண்டு. மேற்படிப்புக்கு மும்பையில் 1961இல் நிறுவப்பட்ட மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம். கடலோர இறால் வளர்ப்பு ஆராய்ச்சி என்றால் சென்னையிலேயே மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

இன்னொரு வழியைப் பலர் மதிப்பதில்லை: சாதாரண பி.எஸ்சி. விலங்கியல். 'வாத்தியார் வேலைக்குத்தானே?' என்று கேட்பார்கள். மேல்விஷாரத்து ஆய்வகம் முழுக்க முழுக்க அந்தப் படிப்பின் மேல்தான் நிற்கிறது. இடம் கிடைத்தால் மீன்வளப் பட்டம் படியுங்கள். குளம் கட்டுவது முதல் தீவனம் தயாரிப்பது வரை அதில் வரும். கிடைக்காவிட்டால் அழ வேண்டாம். விலங்கியலோடு நுண்ணுயிரியலும் பிசிஆரும் கைவசமானால் பொரிப்பகத்திலும் நோய் ஆய்வகத்திலும் வேலைக்கு அடித்தளம் கிடைத்துவிடும்.

பட்டம் வேண்டாம், நிலம் இருக்கிறது, வளர்த்தால் போதும் என்பவர்களுக்கு மீன்வளத் துறையும் வேளாண் அறிவியல் நிலையங்களும் குறுகிய காலப் பயிற்சி தருகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் பல்கலைக்கழகத்துக்கு மீன் வளர்ப்பு மையமே உண்டு. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு மறுவாரமே குளம் வெட்டுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. யாராவது ஒருவருடைய பண்ணையில் குஞ்சு விடுவதிலிருந்து அறுவடை வரை ஒரு முழுப் பட்டம் கூலிக்காவது நின்று பாருங்கள். பகலில் ஆக்சிஜன் தரும் பச்சைத் தண்ணீர் இரவில் அதையே உறிஞ்சுவதும், விடியலில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதும் வகுப்பறைப் பலகையில் தெரியாது. சுண்ணாம்பு எவ்வளவு போடுவது என்பதும் அங்கேதான் கைக்கு வரும். தோலில் முடி கழல மேல்விஷாரத்தில் ஊறவைப்பதும் சுண்ணாம்பில்தான். குளத்தில் அது புளிப்பை முறித்து அடிச்சேற்றுக் கிருமியைக் கொல்லும்.

நம் வட்டாரத்து ஏரிகள் மழையை நம்பியவை. ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்பது அரிது. அதனால் தண்ணீர் நிற்கும் மாதங்களுக்குள் விற்கும் அளவுக்கு வளர்ந்துவிடும் மீனாகப் பார்த்து விடுங்கள். 2020இல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் உண்டு. மானியத்தை விசாரிக்கும் அக்கறையில் பாதியையாவது குஞ்சின் மேல் காட்டுங்கள். இறால் குஞ்சு வாங்கப் போனால், விலை பேசுவதற்கு முன் தாய் இறாலுக்கு எடுத்த பிசிஆர் அறிக்கையைக் கேளுங்கள். தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.