சுவரில் ஏற்கெனவே இருக்கும் படம்

2019 டிசம்பர் 26-ஆம் தேதி காலை கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை என்று ஒரு நீண்ட பட்டையில் வளைய சூரிய கிரகணம் தெரிந்தது. ஒன்பதரை மணி வாக்கில் சந்திரன் சூரியனுக்கு நட்டநடுவே போய் நிற்க, சுற்றிலும் மெல்லிய ஒளி வளையம் மட்டும் மிஞ்சியது. கிரகணக் கண்ணாடி கிடைத்தவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். கிடைக்காதவர்களுக்கு மரத்தடியே போதும். வேப்பமரத்துக்கும் புங்கமரத்துக்கும் கீழே, இலை இடுக்கு வழியாக இறங்கிய வெயில் வளையம் வளையமாகத் தரையில் கிடந்தது. அடுக்களை ஜல்லிக்கரண்டியை வெயிலில் நீட்டிப் பிடித்தால் அதன் நிழலுக்குள் வரிசையாகக் குட்டி வளையங்கள்.

ஜல்லிக்கரண்டியில் இருப்பவை சாதாரண ஓட்டைகள். இலைகளுக்கு நடுவிலுள்ள சந்துகளோ முக்கோணம், கோணல்மாணல் என்று ஒன்றுபோல் ஒன்று இராது. எந்த ஓட்டையின் நடுவிலும் கறுப்புப் பொட்டு கிடையாது. அப்படியானால் தரையில் விழுந்த வெளிச்சத்தின் நடுவில் மட்டும் இருட்டு எப்படி வந்தது?

அது சந்திரன். தரையில் கிடந்த ஒவ்வொரு வளையமும் அந்த நேரத்துச் சூரியனின் படம். கிரகணம் இல்லாத நாளிலும் மரத்தடி வெயில் வட்டம் வட்டமாக விழுவதற்கு இதே காரணம்தான். சூரியன் முழு வட்டமாக இருப்பதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. பூமியிலிருந்து பார்க்கச் சூரியனின் அகலம் ஏறத்தாழ அரை டிகிரி. ஆகவே இலைச் சந்துக்கும் தரைக்கும் உள்ள தூரத்தைச் சுமார் 108-ஆல் வகுத்தால் வட்டத்தின் அகலம் வந்துவிடும். 5 மீட்டர் என்றால் நாலரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். கையில் ஒரு ஸ்கேல் இருந்தால் கணக்கைத் திருப்பிப் போட்டு, வெளிச்சம் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது என்று மரம் ஏறாமலே சொல்லலாம். சாய்ந்த வெயிலில் வட்டம் நீண்டு முட்டையாகும். அப்போது முட்டையின் குறுகிய அகலத்தை அளக்க வேண்டும், கிடைப்பதும் சாய்ந்த பாதையின் நீளமாக இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் ஊசித்துளைக் கேமராவுக்கு ஒரு படம் போடுவார்கள். ஒரு பக்கம் மெழுகுவத்தி, நடுவில் துளையிட்ட அட்டை, மறுபக்கம் தலைகீழாக இன்னொரு மெழுகுவத்தி. துளையில் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகள். படத்தில் பிழை ஏதும் இல்லை. ஆனாலும் அதைப் பார்த்து வளர்ந்த பலருக்கும் துளைதான் ஏதோ வித்தை செய்து படத்தை உண்டாக்குகிறது என்று மனதில் பதிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், முதலில் அட்டையை எடுத்துவிட்டு வெறும் சுவரைப் பற்றித்தான் பாடம் தொடங்க வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு தென்னை மரம், உள்ளே அதற்கு எதிரே அறையின் வெள்ளைச் சுவர். மட்டையின் நுனியிலிருந்து புறப்படும் ஒளி ஒரு திசையில் மட்டும் போவதில்லை. எல்லாத் திசையிலும் சிதறுகிறது. ஜன்னல் வழி தெரிகிற சுவரின் ஒவ்வோர் இடத்துக்கும் அதில் ஒரு பங்கு போய்ச் சேர்கிறது. அடிமரத்திலிருந்தும் அப்படியே, மேலே இருக்கும் வானத்திலிருந்தும் அப்படியே. ஆகச் சுவரின் ஒரே புள்ளியில் மட்டையின் பச்சை, மரத்தின் பழுப்பு, வானத்தின் நீலம் எல்லாம் ஒன்றாக வந்து இறங்குகின்றன. பந்தி நடக்கும் கல்யாண மண்டபத்தில் ஐந்நூறு பேர் ஒரே சமயத்தில் பேசினால் எல்லாருடைய பேச்சும் காதில் விழும், ஒரு சொல்லும் புரியாது. சுவரின் நிலைமையும் அதுதான். தென்னை மரம் அதில் இருக்கிறது. ஒரு தடவை இல்லை, கணக்கில்லாத தடவை, சற்றுச் சற்றே நகர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக. அந்தக் கலவையைத்தான் நாம் வெளிச்சம் என்று சொல்கிறோம்.

இப்போது ஜன்னலைக் கறுப்புத்தாளால் அடைத்து ஒரே ஒரு துளை போடுங்கள். மட்டை நுனியிலிருந்து வரும் ஒளியில் அந்தத் துளையின் நேர்கோட்டில் வருவது மட்டும் உள்ளே நுழைந்து சுவரின் கீழ்ப்பகுதியில் விழும். அடிமரத்து ஒளி கீழிருந்து ஏறி வந்து சுவரின் மேல்பகுதிக்குப் போகும். இடது வலதாகும். சுவரின் ஒவ்வொரு புள்ளிக்கும் வெளியுலகில் ஒரே ஓர் இடம் என்று ஆகிவிட, படம் துலங்குகிறது. துளை எதையும் சேர்க்கவில்லை. சுவரில் குவிந்து கிடந்த கணக்கற்ற படங்களில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைத் தடுத்துவிட்டது, அவ்வளவுதான். ஹம்பி விருபாட்சர் கோயிலில் கருவறைக்குப் பின்னாலிருக்கும் இருட்டறைச் சுவரில் ராஜகோபுரம் தலைகீழாக விழுவதும் இந்தக் கணக்கில்தான்.

சுவரில் படம் முன்பே இருக்கிறது என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அன்டோனியோ டொரால்பாவும் வில்லியம் ஃப்ரீமனும் 2012-இல் இதைக் கழித்தல் கணக்காகவே செய்து காட்டினார்கள். அறைச் சுவரைச் சும்மா ஒரு படம் எடு. ஜன்னலருகே ஓர் ஆள் வந்து கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்கும்போது அதே சுவரை இன்னொரு படம் எடு. முதல் படத்திலிருந்து இரண்டாவதைக் கழி. மிஞ்சுவது, அந்த ஆள் தடுத்த ஒளி மட்டும். அதாவது ஆள் வடிவத்தில் ஒரு துளை போட்டிருந்தால் சுவரில் என்ன விழுந்திருக்குமோ அது. மங்கலாக, தலைகீழாக, ஜன்னலுக்கு வெளியே உள்ள காட்சி அதில் தெரியும். கேமராவுக்கு ஜன்னல் அகப்படவே வேண்டாம். சுவர் அகப்பட்டால் போதும்.

இத்தனை ஒளியும் ஒரே துளையில் நெருக்கியடித்துக்கொண்டு நுழையும்போது ஒன்றோடொன்று கலந்துவிடாதா? பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இதைச் சோதித்துவிட்டார். இருட்டறைக்கு வெளியே, ஒரு துளைக்கு எதிரே, தனித்தனி இடங்களில் பல விளக்குகளை வைத்தார். உள்ளே எத்தனை விளக்கோ அத்தனை ஒளிப்பொட்டு. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. மறைப்பை எடுத்தால் அதே இடத்தில் திரும்ப வந்தது. மற்றவை அசையவில்லை. இதைவிடச் சிக்கனமான சோதனையை நான் படித்ததில்லை.

துளையின் வடிவம் படத்தில் ஏன் தெரிவதில்லை என்ற கேள்வி இன்னும் நெடுநாள் இழுத்தது. அதற்கு முடிவு கட்டியவர் வானியலாளர் கெப்ளர். அவரைத் தூண்டியது வேறொரு தலைவலி. சூரியனை நேரே பார்க்க முடியாத வானியலாளர்கள் கிரகணத்தைத் துளை வழியே திரையில் விழவைத்து அளந்தார்கள். அப்படி அளந்த டைகோ பிராஹேவுக்கு, கிரகணத்தின்போது மட்டும் சந்திரன் சிறுத்துப்போவதாகக் கணக்கு வந்தது. 1600 ஜூலையில் நடந்த கிரகணத்தை ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பார்த்த கெப்ளர், கோளாறு சந்திரனில் இல்லை, துளையில் இருக்கிறது என்று கண்டுகொண்டார்.

1604-இல் வெளிவந்த தம் நூலில் அவர் விவரிக்கும் சோதனையில் விளக்கே கிடையாது. உயரமான இடத்தில் ஒரு புத்தகம். ஒளிரும் பொருளுக்குப் பதிலாக அதுதான். கீழே பல மூலைகளுள்ள ஓட்டை வெட்டிய பலகை. அதற்கும் கீழே தரை. புத்தகத்தின் ஒரு மூலையில் நூலைக் கட்டி, ஓட்டையின் விளிம்பை உரசியபடி தரைவரை இழுத்து, நூல் முனை தொடும் இடங்களைச் சாக்குக்கட்டியால் குறித்துக்கொண்டே போனார். தரையில் ஓட்டையின் வடிவம் கிடைத்தது. அடுத்த மூலையில் கட்டி இழுத்தால் சற்றுத் தள்ளி அதே வடிவம் இன்னொன்று. புத்தகத்தின் விளிம்பு நெடுக இப்படியே செய்து முடித்தபோது, ஓட்டை வடிவங்கள் எல்லாம் சேர்ந்து தரையில் ஒரு பெரிய புத்தகத்தின் வடிவமாகிவிட்டன.

பொருளின் ஒவ்வொரு புள்ளியும் ஓட்டையின் வடிவத்தைத் திரையில் ஒரு முத்திரையாகக் குத்துகிறது. முத்திரை சிறிது, படம் பெரிது என்றால் முத்திரையின் மூலைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. படத்தின் ஓரம் மட்டும் கொஞ்சம் தடித்துப்போகும். சூரியனின் பிரகாசமான பகுதி அப்படித் தடித்துச் சந்திரனின் இருளுக்குள் புகுந்ததால்தான் டைகோவின் சந்திரன் இளைத்தது. இலைச் சந்தைத் தரைக்கு மிக அருகே கொண்டுவந்தால் வட்டம் போய்ச் சந்தின் வடிவமே விழுவதும் இதனால்தான்.

அப்படியானால் துளை சிறுக்கச் சிறுக்கப் படம் கூர்மையாகிக்கொண்டே போக வேண்டும். ஓரளவுக்குப் போகிறது, பிறகு கெடுகிறது. ஒளி ஓர் அலை. மிகக் குறுகலான வாசலில் நுழையும்போது மறுபக்கம் விரிந்து பரவும். வாசலைப் பாதியாக்கினால் பரவல் இரட்டிப்பாகும். பெரிய துளையின் மங்கலுக்கும் சிறிய துளையின் பரவலுக்கும் நடுவே ஓர் அளவு உண்டு. இயற்பியலாளர் ராலே பிரபு 1891-இல் எழுதிய கட்டுரையில் இதை ஆராய்ந்தார். துளைக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை ஒளியின் அலைநீளத்தால் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தை 1.9-ஆல் பெருக்கினால் துளையின் விட்டம் என்பது அவர் பேரால் வழங்கும் விதி. பச்சை ஒளிக்கு, 10 சென்டிமீட்டர் ஆழமுள்ள டப்பாவுக்கு, 0.45 மில்லிமீட்டர். ஒரு மெல்லிய தையல் ஊசியின் தடிமன்.

செய்து பார்க்கிறவர்கள் தகரத்தை அப்படியே குத்திவிட்டுப் படம் தெளிவில்லை என்பார்கள். குளிர்பானக் கேனில் ஒரு சதுரம் வெட்டி, ஊசி முனையால் லேசாக அழுத்தி, பின்பக்கம் புடைத்து வரும் மேட்டை உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி அழுத்தி, மறுபடி தேய்க்க வேண்டும். பிசிறு இருந்தாலும் துளை ஒரு குழாய்போல ஆழமாக இருந்தாலும் ஓரத்து ஒளி உள்ளே வராது. டப்பாவின் மறுமுனையில் பட்டர் பேப்பரை இழுத்து ஒட்டி, தலைமேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு வெயிலில் நிற்கும் தெருவைப் பார்க்கலாம். முதலில் ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழகியதும் தலைகீழ்த் தெருவில் சைக்கிள் போகும். கைக்கெட்டும் செடியும் கடைசி வீட்டு மாடியும் ஒரே அளவு தெளிவாக இருப்பதைக் கவனிக்கலாம். இங்கே ஃபோகஸ் செய்ய ஒன்றும் இல்லை.

விலையாகக் கொடுப்பது வெளிச்சத்தை. செல்போன் கேமராவின் லென்ஸோடு ஒப்பிட்டால் இந்தத் துளை தரும் படம் ஏறத்தாழ 15 ஆயிரம் மடங்கு மங்கல். செல்போன் ஆயிரத்தில் ஒரு விநாடியில் எடுப்பதற்கு இது 15 விநாடி கேட்கும். கலிஃபோர்னியாவின் எல் டோரோ விமானத்தளத்தில் 2006-இல் ஒரு விமானக் கொட்டகையையே கேமராவாக்கி, 30 மீட்டருக்கும் அகலமான துணியில் படம் பிடித்தார்கள். துளை 6 மில்லிமீட்டர். 35 நிமிடம் காத்திருந்தார்கள். ராலேயின் விதிப்படி 6 மில்லிமீட்டர் துளைக்குத் திரை 18 மீட்டரில் இருக்க வேண்டும், கொட்டகை அளவுதான். இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக வானாய்வகத்தில் 2012-இல் பொருத்தி மறந்துபோன ஒரு பியர் கேன் எட்டு ஆண்டு வெயிலை ஒரே தாளில் பதிந்து வைத்திருந்தது.

லென்ஸ் வந்த பிறகு இந்த விலையைக் கொடுக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. அது பெரிய வாசலைத் திறந்துவைத்து, ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளியை எல்லாம் மறுபடி ஒரே புள்ளியில் கூட்டிவிடுகிறது. ஆனால் காமாக் கதிரிடம் கண்ணாடி லென்ஸ் பலிக்காது. வளையாமல் ஊடுருவிப் போய்விடும். தைராய்டு ஸ்கேனில் டெக்னீசியம் மருந்தை ஊசி போட்டுவிட்டுக் கழுத்துக்கு எதிரே ஒரு கூம்பைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்களே, அது கதிரைத் தடுக்கும் ஈயக்கூம்பு; அதன் முனையில் சில மில்லிமீட்டர் துளை. வண்ணத்துப்பூச்சி வடிவச் சுரப்பி பெரிதாகவும் தலைகீழாகவும் உள்ளே விழுகிறது. கூம்பைக் கழுத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவரக் கொண்டுவரப் படம் பெரிதாகும்.

விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிருக்கு ஒற்றைத் துளை கட்டுப்படியாகாது; வருவதே சொற்பம். 2015 செப்டம்பர் 28-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் ஒரு கருவிக்கு மேல் அரை மில்லிமீட்டர் டான்டலம் தகடு இருக்கிறது. அதில் சதுரமும் செவ்வகமுமாக ஏராளமான துளைகள், ஏறத்தாழ பாதி இடம் திறப்பு. ஒவ்வொரு துளையும் தன் பங்குக்கு ஒரு படத்தைக் கீழே போட, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பி வெறும் சுவர்போலத்தான் பதிவாகிறது. ஆனால் துளைகள் எந்தக் கோலத்தில் வெட்டப்பட்டன என்று கணினிக்குத் தெரியும். மூலம் எந்தத் திசையில் இருக்கிறதோ அதற்கேற்ப அந்தக் கோலத்தின் நிழல் முழுதாக நகர்ந்து விழும். எவ்வளவு நகர்ந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்து, குழம்பிய படங்களைக் கணினி பிரித்தெடுக்கிறது. அப்படி அந்தக் கருவி முதலில் பார்த்தவற்றில் நண்டு நெபுலாவும் ஒன்று.