காற்றிலே ஒரு வலை!

காற்றிலே வலை வீசுகிறார்கள் விஞ்ஞானிகள்! கடலிலே வலை வீசும் காசிமேட்டுத் தோழர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். வேடிக்கையல்ல, விஞ்ஞானம்! வலை, மின்சாரம். மீன், உலகைச் சூடேற்றும் கரியமில வாயு.

மாயமில்லை, மந்திரமில்லை. சுண்ணாம்பு பூசிய சுவர் நாளடைவில் இறுகுகிறதே, ஏன்? காற்றிலுள்ள கரியமில வாயுவை அது உட்கொள்கிறது. காரத்துக்கு இயல்பிலேயே அந்தப் பசி உண்டு. உப்புநீரில் தக்க சவ்வுகளை நிறுத்தி மின்சாரம் பாய்ச்சினால், ஒருபுறம் காரம் பிறக்கும், மறுபுறம் அமிலம் பிறக்கும். காரம் காற்றிலிருந்து வாயுவைப் பிடிக்கும். அத்துடன் அமிலம் கலந்ததும், பிடிபட்ட வாயு தனியே வெளிவரும். மிஞ்சுவது பழைய உப்புநீர்! மீண்டும் மின்சாரம், மீண்டும் பிடிப்பு.

அறிவின் வெற்றி இது, பாராட்டுகிறோம். ஆனால், எண்ணூர்க் கரையில் நின்று கணக்கும் பார்க்கிறோம்.

காற்றிலே 10,000 பங்குக்கு 4 பங்குதான் கரியமில வாயு. ஒரு டன் பிடிக்க ஏறத்தாழ 13 லட்சம் கன மீட்டர் காற்றைச் சலித்தாக வேண்டும். நிலக்கரிப் புகையிலோ 100 பங்குக்கு ஏறத்தாழ 12 பங்கு! கடலில் கரைத்த பெருங்காயத்தைத் தேடி அலைவதா? கரையுமுன் கையிலே பிடிப்பதா?

ஐஸ்லாந்தில் 2021-ல் 'ஓர்கா' நிலையம் எழுந்தது. மின்வேதியியல் அல்ல, வெப்பமுறை. காற்றிலிருந்து ஆண்டுக்கு 4,000 டன் பிடிப்பது அதன் திட்டம். நம் வல்லூர் அனல்மின் நிலையம் 1,500 மெகாவாட். முழுவீச்சில் ஓடினால், அந்த 4,000 டன்னை மூன்றே மணி நேரத்தில் கக்கிவிடும்! ஓராண்டு உழைப்பை ஒரு காலைப்பொழுது விழுங்கிவிடும்!

வலைக்கு வேண்டிய மின்சாரம் எங்கிருந்து வரும்? நிலக்கரியில் பிறக்கும் ஒவ்வொரு யூனிட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயுவை விடுகிறது. ஒரு டன் பிடிக்க 1,000 யூனிட் செலவானால், பிடித்தது ஒரு டன், விட்டதும் ஒரு டன்! ஓட்டைக் குடத்தில் நீர் சுமந்த கதைதான். காற்றாலையும் கதிரொளியும் தரும் மின்சாரமே இதற்குத் தகும்.

புகையிலேயே பிடிக்க முடியுமா என்று கேட்போர் தூத்துக்குடியைப் பார்க்கட்டும். அங்குள்ள ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் கொதிகலன் புகையிலிருந்து வாயுவைக் கரைப்பான் கொண்டு பிரித்து, சோடா உப்பு செய்யும் ஏற்பாடு 2016-ல் வந்தது. திறன், ஆண்டுக்கு 60,000 டன். தமிழ் மண்ணிலே முடிந்தது, வல்லூரில் ஏன் முயலக்கூடாது?

இன்னொன்றையும் மறவோம். 1970-ல் எழுந்த எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. ஆனால், வடசென்னை, வல்லூர் நிலையங்களின் புகை ஓயவில்லை. கொசஸ்தலையாற்றைத் தூர்த்தது கரியமில வாயுவா? சாம்பல்! மூச்சை முட்டுவது கந்தகப் புகை, நுண்துகள். எங்கோ காற்றைச் சலிக்கும் இயந்திரம் காட்டுக்குப்பத்துக் குழந்தையின் இருமலை நிறுத்தாது.

எனவே, வலை வரட்டும், வரவேற்போம். ஆனால் அது புகைபோக்கிக்கு வழங்கும் பரிகாரச் சீட்டாக வேண்டாம். முதலில் சாம்பலை அடக்குக! புகையை அதன் வாயிலேயே பிடிக்குக! நிலக்கரியைப் படிப்படியாகக் குறைத்திடுக! அதன் பிறகு, மிச்சத்தைப் பிடிக்கக் காற்றிலே வலை வீசுக!

எண்ணூர் கேட்பது சலுகையல்ல, சுவாசம்!