ஐவர் கையில் சாவி

1945ஆம் ஆண்டு ஐக்கிய நாட்டு நிறுவனம் தொடங்கியபோது அதில் 51 நாடுகள் இருந்தன. இன்று 193 நாடுகள் உள்ளன. எனினும், பாதுகாப்பு மன்றத்தில் நிரந்தர இடங்கள் அன்றும் இன்றும் ஐந்தே. அவற்றில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகியவை அமர்ந்துள்ளன. இவற்றுள் ஒன்று எதிர்த்து வாக்களித்தாலும் முக்கியத் தீர்மானம் நிறைவேறாது. இதுவே ரத்து அதிகாரம். 2022இல் உக்ரேன் படையெடுப்பைக் கண்டித்த தீர்மானத்தை ரஷ்யா இவ்வாறே தடுத்தது.

இம்முறையை மாற்ற இயலாதா? சாசனத்தைத் திருத்த, மூன்றில் இரண்டு பங்கு நாடுகளுடன் அந்த ஐந்து நாடுகளும் ஒப்புதல் அளிக்க வேண்டும். அதிகாரத்தை இழக்க வேண்டியவர்களே அதற்கு இசைய வேண்டும் என்பதுதான் சிக்கல். வல்லரசுகளின் போட்டி முற்றும்போது அந்த இசைவு இன்னும் அரிதாகிறது.

ஆயினும், வழி முற்றிலும் அடைபடவில்லை. பனிப்போர் நிலவிய 1965இலேயே நிரந்தரமற்ற இடங்கள் 6இலிருந்து 10ஆக உயர்ந்தன. ஆனால், ரத்து அதிகாரம் அன்றும் அப்படியே இருந்தது.