பிள்ளையின் கார்ப் பைத்தியமும் எமது பயமும்

"மிஸ், இவனுக்கு நீங்கள்தான் ஒருக்காப் புத்தி சொல்ல வேணும். கொப்பி முழுக்கக் காராக் கீறி வைச்சிருக்கிறான். படிப்பிலை மனமே இல்லை."

2024ஆம் ஆண்டு தை மாதத்தில், முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் பணிபுரியும் கிராமமொன்றில் ஒரு தாய் என்னிடம் இப்படிச் சொன்னார். அவருடைய கணவர் லொறிச் சாரதி. வாகனத் திருத்த வேலையும் தெரிந்தவர். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. அப்போது மூன்று மாதக் குழந்தையாக இருந்தவன்தான் இந்த மகன்.

கொப்பியை வாங்கிப் பார்த்தேன். நிலத்தோடு ஒட்டிய, மூக்கு நீண்ட ஸ்போட்ஸ் கார்கள். ஒவ்வொரு படத்தையும் அழித்து அழித்துத் திருத்தியிருந்தான். புத்தி சொல்ல வேண்டிய நான், "பின் சில்லை இன்னும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக் கீறினால் நல்லாயிருக்குமடா" என்று சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான். தாய் சிரிக்கவில்லை.

எனக்கும் அந்தப் பைத்தியம் உண்டு என்பதை அவருக்கு நான் எப்படி விளக்குவது?

அப்பாவின் கராஜ்

என்னுடைய அப்பா யாழ்ப்பாணத்தில் சிறியதொரு கராஜ் வைத்திருந்தார். 1990களின் பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் மருந்துக்குத்தான் கிடைக்கும். அந்த நாட்களில் எமது வீதிகளில் ஓடியவை பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள்தான். அவை மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலகுவில் ஆவியாகாது. அதனால் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பிப்பார்கள். அது சூடேறிய பிறகு மண்ணெண்ணெய் போதும். புதிய எஞ்சின்களில் அமுக்கம் அதிகம். மண்ணெண்ணெயை ஊற்றினால் தட்டுப்பட்டுக் கெட்டுவிடும். பழைய எஞ்சின்கள் அமுக்கம் குறைந்தவை என்பதால் பொறுத்துக்கொண்டன. எங்களுடைய அம்மாமாரைப் போல என்று அப்பா சொல்லுவார்.

கராஜ் சுவரில் பழைய கலண்டர் படமொன்று ஒட்டியிருந்தது. சின்னஞ்சிறு கார், இரண்டு பேர்தான் இருக்கலாம். பொனற்றின் மேல் இரண்டு விளக்குகள் தவளைக் கண்கள்போலத் துருத்திக்கொண்டு நிற்கும். "இந்தக் காருக்கும் அந்தக் கிழட்டு மைனருக்கும் ஒரே இருதயம்" என்று அப்பா காட்டுவார். அது விளையாட்டுப் பேச்சு அல்ல என்பது வளர்ந்த பிறகே எனக்குத் தெரிந்தது. 1956இல் வந்த மொறிஸ் மைனர் 1000 காரில் இருப்பது 948 சீசீ எஞ்சின். 1958இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற் என்ற அந்தத் தவளைக்கண் ஸ்போட்ஸ் காரில் இருப்பதும் அதே 948 சீசீ எஞ்சின்தான். காபரேற்றர் மட்டும் ஒன்றுக்குப் பதில் இரண்டு.

1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது கராஜையும் விட்டுவிட்டுத்தான் நடந்தோம். தென்மராட்சியில் பையைத் திறந்தபோது பிறப்புச் சான்றிதழ்களுக்கு நடுவில் அந்தப் படம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. வைத்தவர் அம்மா. "இந்த மனுசன் இதுக்கும் அழும்" என்று பேசிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். அந்தப் படம் இன்றும் என்னிடம் இருக்கிறது. நான் ஓடுவது ஒரு ஸ்கூட்டி. ஸ்போட்ஸ் கார் ஒன்றில் இதுவரை ஏறி இருந்ததில்லை. ஆனாலும் ஆசை போகவில்லை.

சனிக்கிழமை வகுப்பு

பொதுநோக்கு மண்டபத்தில் சனிக்கிழமைகளில் சிறுவர் கழகம் கூடும். அங்கே கார்க் கதைகளைச் சொல்லத் தொடங்கினேன். ரின்மீன் பேணியும் பழைய செருப்பும் கொண்டு கார் செய்வது எங்களுடைய பிள்ளைகளுக்குப் புதிதல்ல. முகாம்களிலும் செய்தவர்கள் உண்டு. கார் செய்தபடி கதை கேட்டார்கள்.

மொறிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் 1906இல், இன்று துருக்கியில் உள்ள ஸ்மேர்னா நகரில் பிறந்தவர். 1922இல் போர் அந்த நகரை அழித்தபோது, குடும்பத்தோடு கப்பலேற்றப்பட்டு மால்ராத் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தகப்பன் மால்ராவிலேயே இறந்துபோனார். விதவையான தாய் மகனைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். பொறியியல் படிக்கப்போன மகன் கணிதத்தில் மூன்று தடவை தவறினார். பின்னர் நண்பருடன் சேர்ந்து, சொந்தக் கையால், பல வருடங்கள் செலவிட்டுப் பந்தயக் காரொன்றைக் கட்டினார். 1948இல் அவருடைய மொறிஸ் மைனர் வெளிவந்தது. பத்து இலட்சத்தைத் தாண்டி விற்பனையான முதலாவது பிரித்தானியக் கார் அதுவே.

தகப்பன் இறந்த இடத்தைச் சொன்னபோது பிள்ளைகள் கார் செய்வதை நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்துக்கு நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

மாதிரிக் காரைப் பார்த்த இசிகோனிஸ், அகலம் போதாதென்று அதை நடுவால் அறுத்து நாலு அங்குலம் விலக்கிப் பொருத்திய கதையையும் சொன்னேன். பொனற்றின் நடுவில் ஓடும் தட்டையான பட்டி அதன் அடையாளம். கலியாண வீடொன்றுக்கு வந்த மைனரில் அந்தப் பட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரு சிறுமி எனக்கு வந்து சொன்னாள். ஸ்பிறைற்றின் விளக்குகளைத் தேவையானபோது மட்டும் எழும்பும்படி செய்யத்தான் முதலில் எண்ணியிருந்தார்கள். செலவு கூடியதால் நிரந்தரமாகவே நிமிர்த்திவிட்டார்கள். தவளைக்கண் வந்தது காசில்லாமையால்தான் என்றபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

"மிஸ், பொம்பிளையள் றேஸ் ஓடினவையோ?" என்று அந்தச் சிறுமி கேட்டாள். ஓடினார்கள். பற் மொஸ் என்ற பெண் மொறிஸ் மைனரில் றாலி ஓடியவர். 1960இல் ஆன் விஸ்டம் என்ற தோழியுடன், ஒஸ்ரின்-ஹீலி 3000 காரில் லியேஜ்–ரோம்–லியேஜ் என்ற நெடுந்தூரப் போட்டியில் பங்குபற்றினார். பெண்களுக்கான பரிசை மட்டுமல்ல, ஆண்களையும் தாண்டி முழுப் போட்டியின் முதலிடத்தையே இருவரும் வென்றார்கள்.

கொப்பி அடுப்புக்குள் போன நாள்

சித்திரை மாதம் எல்லாம் தலைகீழானது. அந்தப் பையன் மாமாவின் மோட்டார் சைக்கிளைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு குளக்கட்டு வீதியில் வேகமாக ஓடி விழுந்தான். முழங்கால் தோல் உரிந்ததோடு தப்பினான். அதே வாரம், ஏப்ரல் 21ஆம் திகதி, தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் கார் பந்தயத்தில் காரொன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் எட்டு வயதுச் சிறுமி. தொலைக்காட்சியில் அதைப் பார்த்த தாய், மகனின் கொப்பியையும் நான் கொடுத்த தவளைக்கண் காரின் பிரதியையும் அடுப்புக்குள் வைத்துவிட்டார்.

நான் போனபோது அவர் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்கள் குடுத்த ஆசைதானே மிஸ். ஒருத்தரை வாகனத்தோடை அனுப்பிப்போட்டு இன்னும் பாத்துக்கொண்டிருக்கிறன். இவனையும் அனுப்ப ஏலாது."

என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்றிரவு யோசித்தபோது என் பிழை விளங்கியது. எந்தக் கார் எவ்வளவு வேகம், யார் முதலிடம் என்றெல்லாம் சொன்ன நான், அந்தக் கார்கள் எப்படி நிற்கின்றன என்று ஒரு நாளும் சொல்லவில்லை. ஆசையின் பாதியைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை பாடசாலை மைதானத்தில் இருபது மீற்றரை அளந்து, முடிவில் சுண்ணாம்பால் கோடு போட்டோம். அந்தத் தூரத்தை முதலில் எட்டு செக்கனில் சைக்கிளில் ஓடி, கோட்டில் பிறேக் பிடிக்க வேண்டும். பிறகு நாலு செக்கனில் ஓடிப் பிடிக்க வேண்டும். முதல் தடவை ஏறக்குறைய ஒரு மீற்றரில் சைக்கிள் நின்றது. இரண்டாவது தடவை நாலு மீற்றரையும் தாண்டிப் போனது. வேகம் இரண்டு மடங்கானால் பிறேக் பிடித்து நிற்கும் தூரம் நாலு மடங்காகும். மூன்று மடங்கானால் அது ஒன்பது மடங்கு. விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கும் இந்தக் கணக்கை அன்று பிள்ளைகள் நாடா பிடித்து அளந்தார்கள். அளந்து எழுதியவன் அந்தப் பையன். முழங்காலில் இன்னும் கட்டு இருந்தது. "குளக்கட்டிலை நான் எவ்வளவு தூரத்திலை நிண்டிருப்பன் மிஸ்?" என்று கேட்டான். அவனே கணக்குப் பார்த்தான். பிறகு பேசாமல் இருந்தான்.

தாய் வேலியோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு கிழமை கழித்து என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். கணவருடைய ஸ்பானர்கள். கணவர் விட்டுப்போன உறவினர் வீட்டிலிருந்து, மீள்குடியேறிய பிறகு எடுத்து வந்தாராம். மகனுக்கு அப்படியொரு பெட்டி இருப்பதே தெரியாது. துரு ஏறியிருந்தது. அவர் மண்ணெண்ணெயில் சீலையை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்து, எது எதைக் கழற்ற உதவும் என்று மகனுக்குச் சொல்லிக் கொடுத்தார். கணவர் லொறிக்குக் கீழே படுத்து வேலை செய்த இரவுகளில் ரோச் லைற் பிடித்தவர் இவர்தான். கேட்கிற ஸ்பானரை எடுத்துக் கொடுத்தவரும் இவர்தான். மகன் தாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சகோதரிகளே,

எமது பிள்ளைகள் ஸ்போட்ஸ் கார் வாங்குவார்களென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு பிள்ளை ஆசையோடு ஒன்றைப் பற்றிப் பேசும்போது அந்தப் பேச்சில் ஒரு கதவு திறக்கிறது. அதை அடித்துச் சாத்தினால், பிள்ளை எமக்குத் தெரியாமல் வேறு வழியால் போகும். உட்கார்ந்து கேளுங்கள். தெரியாததைப் பிள்ளையிடமே கேளுங்கள். தகப்பன், மாமன், பேரன் செய்த தொழிலைப் பற்றி நீங்கள் அறிந்ததைச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளையும் கூட்டி வைத்துச் சொல்லுங்கள். 18 வயதும் சாரதி அனுமதிப்பத்திரமும் தலைக்கவசமும் இல்லாமல் மோட்டார் சைக்கிள் திறப்பு கையில் கிடைக்காது என்பதையும் அதே வாயால் உறுதியாகச் சொல்லுங்கள்.

இந்த ஆசைக்குத் தொழில் வழியும் உண்டு. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கிறார்கள். எங்களுடைய பையன் எந்த வழியில் போவான் என்று எனக்குத் தெரியாது. கணிதத்தில் அவனும் கொஞ்சம் பின்னுக்குத்தான். தாயின் பயமும் முற்றாகப் போய்விடவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் இப்போதும் படலைக்கு ஓடி வருகிறார்.

ஆனால் அன்று நான் புறப்படும்போது படலை வரை வந்து, குரலைத் தாழ்த்தி, "மிஸ், அந்தத் தவளைக்கண் கார்ப் படம் இன்னொண்டு கிடக்கோ?" என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போனேன்.