கூடுதல் என்ற சொல்

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் வழக்கம் புதுச்சேரிப் பள்ளிகளிலும் உண்டு. நாளிதழ்களில் அடிக்கடி வரும் ஒரு தலைப்பை மேல் வகுப்பு மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம்: ‘கூடுதல் வரதட்சணை கேட்டுப் பெண்ணுக்குக் கொடுமை’.

‘கூடுதல்’ என்ற சொல் இங்கே என்ன செய்கிறது? முதலில் வாங்கியது முறைதான், மேற்கொண்டு கேட்டதுதான் தவறு என்று ஆக்கிவிடுகிறது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி, வாங்குவதும் கொடுப்பதும் கேட்பதும் குற்றம். முதல் பவுனே குற்றம்தான்.

இன்னொன்று: ‘குடும்பத் தகராறில் மனமுடைந்து இளம்பெண் தற்கொலை’. எழுவாய் இளம்பெண். துன்புறுத்தியவர் வாக்கியத்திலேயே இல்லை. எழுவாய், பயனிலை நடத்தும் தமிழாசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ‘கணவர் வீட்டார் துன்புறுத்தியதாகத் தந்தை புகார்’ என்று மாற்றி எழுதச் செய்யலாம். ‘புகார்’ என்பதை மட்டும் விடக்கூடாது. தீர்ப்புக்கு முன் யாரும் குற்றவாளி அல்லர்.

ஒரு காலத்தில் ‘ஸ்டவ் வெடித்துப் பெண் பலி’ என்று நான்கு வரியில் விபத்தாகவே முடிந்த செய்திகள் ஏராளம். 1979இல் டெல்லியில் பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கிப் போராடின. கணவர் வீட்டுக் கொடுமைக்கான 498ஏ பிரிவு 1983இலும், வரதட்சணை மரணத்துக்கான 304பி பிரிவு 1986இலும் வந்தன. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை முறையே 85, 80ஆம் பிரிவுகள். திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் நிகழும் இயற்கைக்கு மாறான மரணத்தையே வரதட்சணை மரணப் பிரிவு குறிக்கிறது. ‘திருமணமாகி 3 ஆண்டுகளே ஆவதால் கோட்டாட்சியர் விசாரணை’ என்று செய்தியில் வருவதும் இந்த ஏழாண்டுக் கணக்கால்தான். மாணவர்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள். 2022இல் மட்டும் நாட்டில் 6,000க்கு மேற்பட்ட வரதட்சணை மரணங்கள் பதிவாயின. நாம் படிப்பதோ அவற்றுள் மிகச் சிலவற்றை.

அந்தச் சிலவும் பெரும்பாலும் பணக்கார வீட்டுச் செய்திகள். 2025 ஜூனில் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு புதுமணப்பெண் இறந்தபோது, பவுன் கணக்கும் கார் விலையும் தலைப்புகளாயின. அவர் தந்தைக்கு அனுப்பிய குரல் பதிவு தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப ஒலித்தது. தற்கொலைச் செய்தியைப் பரபரப்பாக்கக் கூடாது, இறந்த முறையை விவரிக்கக் கூடாது என்று இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019லேயே வழிகாட்டியிருக்கிறது. இறந்த முறையை விவரிக்கும் செய்தியை நாமும் வகுப்புக்குள் கொண்டுபோக வேண்டாம்.

இந்தப் பாடத்தின்போது எந்த மாணவியாவது பேச்சற்றுப் போனால், வகுப்பில் வைத்து எதையும் கேட்காதீர்கள். பிறகு தனியே பேசுங்கள். மகளிர் உதவி எண் 181, சிறார் உதவி எண் 1098 ஆகிய இரண்டும் பலகையின் ஓரத்தில் அழிக்கப்படாமல் இருக்கட்டும்.