ஐந்து வருடம் நிறையாத ஒன்பது வருடம்

எங்கள் சாச்சியின் அலுமாரியில் நான்கு வேலைச் சட்டைகள் தொங்குகின்றன. ஒன்று நீலம், ஒன்று பச்சை, ஒன்று மெரூன், புதியது சாம்பல். அவர் வேலை மாறிக்கொண்டே இருப்பவர் அல்லர். ஒன்பது வருடமாகக் கண்டியில் ஒரே அரச கட்டடத்தின் அதே இரண்டு மாடிகளைத்தான் கூட்டித் துடைக்கிறார். கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஏறுவதும் அதே காலை பஸ்தான். மாறியது கம்பனி மட்டுமே.

நான்காவது கம்பனி வந்த கிழமை, சாச்சி ஒரு கடதாசியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "மகள், நீ ஏலெவல்ல கொமர்ஸ் படிக்கிற தானே, இதுல என்ன எழுதியிருக்கு எண்டு பாத்துச் சொல்லு" என்றார். அது முந்திய கம்பனி கொடுத்த ஆங்கிலக் கடிதத்தின் பிரதி. சொந்த விருப்பத்தில் வேலையிலிருந்து விலகுகிறேன் என்பதே அதன் சாரம். கீழே சாச்சியின் கையெழுத்து இருந்தது. முன்னைய இரண்டு தடவைகளிலும் இப்படித்தானாம். சொந்த விருப்பத்தில் விலகியவர் மறுநாள் காலையில் அதே வாளியோடு அதே மாடியில் நின்றிருக்கிறார்!

இது ஏன் நடக்கிறது என்று தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன். நம்மில் பலரது வீடுகளிலும் ஒரு சாச்சி இருக்கலாம்.

துப்புரவு, காவல் போன்ற வேலைகளை அரச நிறுவனங்கள் கேள்விப்பத்திரம் கோரித் தனியார் கம்பனிகளுக்குக் கொடுக்கின்றன. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் மீண்டும் கேள்விப்பத்திரம் கோரப்படும். வேறு கம்பனி வென்றால், இடமும் வேலையும் அப்படியே இருக்க, முதலாளி மட்டும் மாறிவிடுகிறார்.

அப்போது எது தொழிலாளியோடு கூட வருகிறது, எது அறுந்துபோகிறது? 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்த வேண்டும். 1980ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி 3 வீதம் செலுத்த வேண்டும். ஒழுங்காகக் கட்டியிருந்தால் இந்தப் பணம் கம்பனி மாறினாலும் ஊழியரின் பெயரிலேயே இருக்கும்.

அறுந்துபோவது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பளக்காரருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் உண்டு. சம்பளம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒன்பது வருடத்துக்கு 135,000 ரூபாய். சாச்சிக்கோ ஒரு சதமும் இல்லை. எந்தக் கம்பனியிலும் அவருக்கு ஐந்து வருடம் நிறையவில்லை.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இன்னொரு பாதுகாப்பைத் தருகிறது. 15 பேருக்குக் குறையாத நிறுவனம், முந்திய 12 மாதங்களில் 180 நாட்களாவது வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நீக்குவதானால், அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். விலகல் கடிதத்தில் கையெழுத்து வைத்ததும் அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடுகிறது. அந்தக் கடிதம் ஏன் அவ்வளவு அவசரமாக நீட்டப்படுகிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பிரித்தானியாவில் இதற்கென்றே ஒரு சட்ட விதி இருக்கிறது. 1981இல் வந்த அந்த விதி 2006இல் விரிவாக்கப்பட்டு, சேவை ஒப்பந்தம் கைமாறுவதையும் தெளிவாக உள்ளடக்கியது. அதன்படி, குறித்த வேலைக்கென்றே அமர்த்தப்பட்ட குழு பொதுவாகப் புதிய கம்பனிக்கு மாறும். சம்பளமும் சேவைக்காலமும் கூடவே போகும். சேவை கைமாறுவது துப்புரவு வேலையில் மட்டுமல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014இல் நன்னடத்தைச் சேவையின் பெரும் பகுதி பிரிக்கப்பட்டு, பின்னர் தனியாரிடம் போனது. 2021 ஜூனில் மீண்டும் அரசிடம் வந்தது. இரண்டு தடவையும் ஊழியர்கள் சேவையோடு சேர்த்தே இடமாற்றப்பட்டார்கள்.

நமது நாட்டில் நன்னடத்தை அதிகாரிகள் அரச உத்தியோகத்தர்கள். தவறு செய்த ஒரு சிறுவன் தன் கதையைச் சொல்லும் அதிகாரி, ஒப்பந்தம் முடிந்ததென்று காணாமல் போவதில்லை. ஆள் நிலைத்திருப்பதன் பெறுமதி அங்கே நமக்குத் தெரிகிறது. எந்தக் குழாய் கசியும், எந்தப் படி வழுக்கும் என்று ஒன்பது வருடமாக அறிந்தவரிடமும் அதே பெறுமதி இருக்கிறதல்லவா?

செய்யவேண்டியது பெரிய காரியமல்ல. இருக்கும் ஊழியர்களைச் சேவைக்காலத்தோடு ஏற்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைக் கேள்விப்பத்திரத்தில் சேர்க்கலாம். அதற்கான செலவை எல்லாக் கம்பனிகளும் தங்கள் விலையில் காட்டட்டும். அதுவரை வீட்டிலுள்ள நாமும் சிலவற்றைச் செய்யலாம். நியமனக் கடிதத்தையும் சம்பளச் சிட்டைகளையும் பத்திரப்படுத்த வேண்டும். சேமலாப நிதிப் பணம் கட்டப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் தொழில் அலுவலகத்தில் கேட்க வேண்டும். விளங்காத கடதாசியில் கையெழுத்து வைக்கவே கூடாது.

நான்காவது கம்பனியின் நியமனக் கடிதத்தை ஒரு கோப்பில் போட்டு, முன்பக்கத்தில் திகதி எழுதிக் கொடுத்தேன். சாச்சி அதை அலுமாரியில், சட்டைகளுக்குக் கீழே வைத்திருக்கிறார். "அடுத்த தரம் கடதாசி தந்தா, கையெழுத்து வைக்க முந்தி உனக்கிட்டக் கொண்டு வாறன் மகள்" என்று சொல்லியிருக்கிறார்.